வியாழக்கிழமைப் பல்லும் சனிக்கிழமைப் பல்லும்

பாரிசில் ரூ பெர்தொனே தெருவில் நான் வழக்கமாகக் கறிவேப்பிலை வாங்கும் கடையின் கண்ணாடிக் கதவில், கோயில் தேர்த் திருவிழா அறிவித்தலுக்குப் பக்கத்தில், அஜோவின் முகம் ஒட்டியிருந்தது. ஆபிரிக்கக் கிராமங்களுக்கு எங்கள் சபை போகவிருக்கும் அடுத்த ஊழியப் பயணத்துக்கான விளம்பரம் அது. இடப்பக்கப் படத்தில் அஜோவுக்கு மேல்வாயின் முன்பல் நான்கும் இல்லை. வலப்பக்கப் படத்தில் நான்கும் இருக்கின்றன. வெள்ளையாக, நேராக, ஒன்றோடொன்று இடைவெளியில்லாமல். பார்க்கிறவர்களுக்கு ஆண்டவரின் கிருபை கண்முன்னே தெரியும். நானோ உள்ளே போகாமல் கதவடியிலேயே நின்றுவிட்டேன்.

"உங்கடை சபைப் பிள்ளையள்தான் கொண்டுவந்து ஒட்டினவை," என்றார் கடைக்காரர். "நல்ல வடிவான பல் என்ன, அக்கா?"

"ஓம், நான்தான் செய்தனான்."

"அப்ப ஏன் முகத்தை உப்பிடி வச்சிருக்கிறியள்?"

கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் திலானிக்குத் தொலைபேசி எடுத்தேன். திலானி எங்கள் சபையின் இளையோருக்குப் பொறுப்பானவள். பாரிசில் பிறந்து வங்கியில் வேலை பார்க்கிறாள். விளம்பரம் அவள் கைவேலை.

"அன்ரி, அந்தப் படத்துக்கு என்ன குறை? அவாங், அப்றே எண்டு ஒரு பார்வையிலை விளங்குது. முந்தின வாய், பிந்தின வாய்."

"அவ அதிலை சிரிக்கேல்லை, பிள்ளை. வாயைத் திறந்து காட்டுறா."

"அது ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும். அதைக் கழட்டு."

"காரணம் வேணும் அன்ரி. குழுவிலை சொல்லோணும். எழுதித் தாங்கோவன். இந்தமுறை போறவைக்கும் உதவும். தமிழிலையே எழுதுங்கோ, அம்மாவைக் கொண்டு வாசிப்பிப்பன்."

ஆகவே திலானியின் அம்மாவுக்கு முதலில் ஸ்தோத்திரம். தங்கச்சி, கொஞ்சம் நீளமாகப் போகும். தேத்தண்ணியை வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் பொய்ப்பல் செய்தவள். ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் ஒரு முற்றத்துக்குள் இருந்த பட்டறையில் என் காலம் கழிந்தது. முதலில் அங்கே தரை கூட்டத்தான் போனேன். ஒருநாள், வாயின் அச்சில் ஊற்றும் சாந்தைக் குழைக்கிறவர் வரவில்லை. அவசரத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். புட்டுக்கும் ரொட்டிக்கும் மாக் குழைத்த கைக்கு அந்த வெள்ளைச் சாந்து ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. குமிழி இல்லாமல் வந்ததைப் பார்த்து முதலாளி தும்புத்தடியை என் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாத்தினார். அதன் பிறகு மாலை வகுப்பு, பரீட்சை, இரண்டு தரம் தோல்வி, மூன்றாம் தரம் சான்றிதழ். அதற்குள் எனக்கு இரண்டு பிள்ளைகள். வீடிருந்த வில்லியே லே பெல்லிலிருந்து ரெயிலில் வரும்போது மடியில் புத்தகத்தை விரித்துப் பல்லின் பெயர்களைப் பாடமாக்குவேன். பக்கத்தில் இருப்பவர்கள் என்னை மருத்துவம் படிப்பவள் என்று நினைத்திருப்பார்கள்.

முதலாளியின் பெயரை முசியே லெக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. செய்து முடித்த பல்லை அவருடைய மேசையில் வைக்க வேண்டும். அவர் கையைக் கழுவித் துடைத்து, பல்லை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போவார். முதலில் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். நேராகப் பிடித்தால் கண் தான் எதிர்பார்த்ததைப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டுவிடும் என்பது அவர் கட்சி. பிறகுதான் நேராகத் திருப்புவார். சரியென்றால் சின்னப் பெட்டியில் வைத்து ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றுவார். சரியில்லை என்றால் ஒரு வார்த்தையும் பேசாமல் என் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவார். எது பிழை என்பதை நானே கண்டுபிடிக்க வேண்டும். முதல் வருடங்களில் அந்த மௌனத்துக்குப் பயந்து கழிவறைக்குள் போய் அழுதிருக்கிறேன்.

அவர் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்வி ஒரே ஒரு சொல்: "ஃபோட்டோ?"

பல் வைத்தியரிடமிருந்து வரும் ஒவ்வொரு வேலைத் தாளிலும் அந்த மனிதரின் பழைய படம் ஒன்று குத்தியிருக்க வேண்டும். பல் விழுவதற்கு முன் சிரித்த படம். அடையாள அட்டைப் படம் என்றாலும் பரவாயில்லை, கலியாணப் படத்தில் மூலையில் நின்றாலும் பரவாயில்லை. படம் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது. பிறகு பல்லை முதலில் மெழுகில் அடுக்கி வைத்தியரிடம் அனுப்புவோம். அங்கே அந்த மனிதர் அதை வாயில் போட்டு, கையில் கண்ணாடி பிடித்துப் பார்த்து, ஓம் என்று சொன்ன பிறகுதான் மெழுகைக் கழற்றி ஈறு நிறப் பிசின் ஊற்றுவோம். பணக்காரர் வாழும் பதினாறாம் வட்டாரத்து மதாம்கள் மெழுகை நாலு தரம் திருப்பி அனுப்புவார்கள். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு தரமும் திருத்துவோம்.

ஒருமுறை ஓய்வுபெற்ற ஒரு வாத்தியாருக்குப் பல். படத்தில் அவருடைய முன்பல் ஒன்று மற்றதன் மேல் காலைத் தூக்கிப் போட்டபடி இருந்தது. நான் நல்ல மனத்தோடு அதை நேராக்கினேன். முசியே ஜன்னலுக்குப் போனார், வந்தார், என் மேசையில் வைத்தார். "ஃபோட்டோ?" என்றார். காசு கொடுத்துக் கோணல் பல் வாங்குகிறவன் யார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே கோணலாக வைத்துக் கொடுத்தேன். அது வாயில் ஏறிய அன்று வாத்தியாரின் மனைவி, "இதுதான் என் ஆள்" என்று சொல்லி அழுதாராம். வைத்தியர் தொலைபேசியில் சொன்னதை முசியே எனக்கு அப்படியே சொன்னார். அப்போதும் அவர் சிரிக்கவில்லை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். என் முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டம் 'கேற்', திறந்துகிடக்கிற வாசல். சான்றிதழ் கிடைத்ததும் முசியே, "உனக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று கேட்டார். யோசிக்காமல் பல்லைக் காட்டினேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு துண்டு மெழுகால் இடைவெளியை அடைத்து, கையில் கண்ணாடியைக் கொடுத்து, மூன்று நாள் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு நாள் பின்னேரமும், "நிச்சயமா?" என்று கேட்டார். மூன்று நாளும் ஓம் என்றேன். பிறகு அவருக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவர் அடைத்துவிட்டார். இன்றுவரை நான் அதற்காக வருத்தப்பட்டதில்லை.

இவ்வளவும் தெரிந்தவளாகத்தான் ஆபிரிக்காவில் தோகோ நாட்டுக்குப் போனேன் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருந்தபோது பாஸ்டர் அருள்நேசன் ஆராதனை முடிந்து என்னிடம் வந்தார். என்னைவிட வயதில் இளையவர், ஓடியாடி வேலை செய்கிற மனுசன்.

"அக்கா, டொக்டர் மரி கிராமங்களிலை பல்லுப் பிடுங்க வாறா. பிடுங்கின இடத்தை வெறுமையா விட்டிட்டு வாறது சரியில்லை. நீங்களும் வாருங்கோ."

டொக்டர் மரி புதுச்சேரிக் குடும்பத்துப் பெண், நல்ல கைராசி. நான் வருட லீவு முழுவதையும் எடுத்தேன். ஃபொபூர் சேன்-தெனியில் பெரிய பிரஷர் குக்கர் ஒன்று வாங்கி, அதன் மூடியில் சைக்கிள் வால்வு பொருத்துவித்தேன். பிசின் இறுகும்போது காற்றழுத்தம் வேண்டும். பட்டறையில் அதற்கு இயந்திரம் இருந்தது, கிராமத்தில் சைக்கிள் பம்ப் போதும். கடைக்காரர், "இதிலை என்ன சமைக்கப் போறியள்?" என்று கேட்டார். பல் என்றேன். பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று கிராமங்கள். ஒவ்வொன்றிலும் பள்ளிக்கூட வகுப்பறைதான் எங்கள் இடம். காலையில் ஜெபம், பாட்டு. அதன் பிறகு டொக்டர் மரி கரும்பலகைப் பக்கம், நான் ஜன்னல் பக்கம். வெளியே மாமரத்தின் கீழ் சனம் அமைதியாகக் காத்திருக்கும். முதல் கிராமத்தில் எல்லாம் முறைப்படிதான் செய்தேன்: வாயின் அச்சு, சாந்து உரு, மெழுகில் அடுக்கிக் கண்ணாடியில் காட்டுதல், பிறகு பிசின். அதில் பாதிப் பேருக்குத்தான் செய்ய முடிந்தது. மற்றப் பாதிப் பேர் கைகாட்டி எங்களை வழியனுப்பினார்கள். வாகனத்தில் வரும்போது நான் சொன்னேன்:

"பாஸ்டர், மெழுகிலை வச்சுக் காட்டுறதை விட்டிடுவம். அதிலைதான் நேரம் போகுது. நேராப் பிசினிலை செய்து குடுப்பம்."

"நல்ல யோசனை அக்கா. கர்த்தர் வழி காட்டுறார்."

கர்த்தரை இதற்குள் இழுக்க வேண்டியதில்லை. அது என் யோசனை. படம் கேட்பதையும் அதோடு விட்டுவிட்டேன். பல்லே இல்லாதவர்களுக்குப் பல் கிடைக்கிறதே பெரிய காரியம், இதற்குள் கண்ணாடி எதற்கு என்று நினைத்தேன். பதினாறாம் வட்டாரத்து மதாமிடம் அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்திருக்குமா? வந்திருக்காது. இதை இப்போது எழுதும்போதும் முகம் சுடுகிறது.

மூன்றாவது கிராமத்தில்தான் அஜோ வந்தாள். வயது ஐம்பதுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். சந்தையில் மரவள்ளி மா விற்கிறவள். மூன்று வருடத்துக்கு முன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் நான்கும் போய்விட்டன. அன்றிலிருந்து சேலைத் தலைப்புப் போல ஒரு துணி முனையை வாயில் வைத்துக்கொண்டுதான் பேசுவாளாம். ஊர் வேதக் கோயிலில் பாட்டைத் தொடக்கிக் கொடுக்கிறவள் அவள்தான். விழுந்த நாளிலிருந்து அதையும் விட்டுவிட்டாள். அவளுக்குப் பிரெஞ்சு அவ்வளவு வராது. மகள் அஃபி கூட வந்து எல்லாவற்றையும் மொழிபெயர்த்தாள். அந்தச் சனிக்கிழமை அஃபிக்குக் கலியாணம். மணப்பெண்ணின் தாய் சபைக்கு நடுவில் நின்று பாட்டு எடுத்துக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். பல் இல்லாமல் தான் அங்கே நிற்கப்போவதில்லை, தன் தங்கச்சி நிற்கட்டும் என்று அஜோ சொல்லிவிட்டாள். அஃபிக்கு அது தாங்கவில்லை. மூன்று நாள் தொடர்ந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள்.

நான் செய்தேன். மனமார, என் முழுத் திறமையையும் போட்டுச் செய்தேன். அங்குள்ளவர்களின் ஈறு கருமை கலந்தது. பட்டறையிலிருந்து கொண்டுபோன இளஞ்சிவப்புப் பிசின்பொடி பொருந்தாது. கபிலப் பொடி கலந்து, அவளுடைய ஈற்றுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, மூன்று தரம் மாற்றினேன். பல்லின் நிறமும் சரியாக அமைந்தது. ஆயத்தமான பற்கள் அட்டையில் ஒட்டித்தான் வரும்; அந்த நிறத்தில் என்னிடம் இருந்த கடைசி அட்டை அது. வியாழக்கிழமை மத்தியானம் பல்லை அவள் வாயில் போட்டபோது ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை. மாமரத்தின் கீழ் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பாஸ்டர் படம் எடுத்தார். அந்தப் படம்தான் இப்போது கறிவேப்பிலைக் கடைக் கதவில் இருக்கிறது.

படம் எடுத்து முடிந்த பிறகுதான் அவளுக்குக் கண்ணாடியைக் கொடுத்தோம். அஜோ நெடுநேரம் பார்த்தாள். என் இரண்டு கையையும் பிடித்து நன்றி சொன்னாள். துணி முனையை எடுத்து மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டு போனாள். பழக்கதோஷம், ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை காலை ஜெபம் முடியும்போது அஃபி வந்தாள். ஒரு கையில் கால் கட்டிய கோழி. மற்றக் கையில் வெள்ளைத் துணியில் பொதிந்த பல். அவள் பிரெஞ்சில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"அம்மா நன்றி சொல்லச் சொன்னா. இது மிச்சம் வடிவான பல்லாம். தேவைப்படுற வேறை ஆருக்கும் குடுக்கட்டாம். கோழி உங்களுக்கு."

"ஏன், நோகுதாமோ?"

"நோகேல்லை. ஆனா அது தன்ரை வாய் இல்லையாம்."

சொல்லிவிட்டு, எனக்கு மனம் நொந்துவிடக் கூடாது என்று அவள் சிரித்தாள். அப்போதுதான் பார்த்தேன். அவளுடைய முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு நெல்மணி நுழைகிற அளவுக்கு இடைவெளி. மூன்று நாள் என் முன்னால் நின்று பேசிய பெண். நான் அவள் தாயின் வாய்க்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காதுக்குள் முசியேயின் குரல் கேட்டது: "ஃபோட்டோ?" படம் உயிரோடு வந்து என் முன்னால் நின்றிருக்கிறது. எனக்குத்தான் கண் இல்லை.

"அம்மாவுக்கும் இப்பிடியோ?" என்று கேட்டேன்.

"என்னதைவிடப் பெரிசு. இஞ்சை அதுதான் வடிவு. அப்பா அம்மாவைக் கேட்டு வந்ததே அதைப் பார்த்துத்தானாம். அப்பா இப்ப இல்லை. நாளைக்கு அவரைத் தெரிஞ்ச சனம் எல்லாம் வரும். வேறை ஒரு மனுசியின்ரை வாயோடை அவைக்கு முன்னாலை நிண்டு பாட மாட்டாவாம். தங்கச்சி பாடட்டுமாம்."

பாஸ்டரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் மாமரத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

"அக்கா, நாளையிண்டைக்குப் போறம். இண்டைக்குத்தான் கடைசி வேலை நாள். பல்லே இல்லாத மனுசிக்குப் பல்லுக் கிடைச்சிருக்கு. இடைவெளியைப் பற்றி யோசிக்க இதுவோ நேரம்?"

டொக்டர் மரியும் தயங்கினாள். "எனக்குப் புரியுது அக்கா. ஆனா திரும்ப அச்சு எடுக்கணும், பொண்ணு வாய்க்கும் ஒண்ணு எடுக்கணும்னு சொல்றீங்க. அச்சுத் தூள் கொஞ்சந்தான் இருக்கு. வெளிய ரெண்டு பேர் காலைலருந்து காத்துனு இருக்காங்க. அவங்களுக்கு என்ன சொல்றது?"

பாஸ்டரும் டொக்டரும் சொன்னது நியாயம்தான். கோழியை வாங்கி ஜன்னலில் கட்டிவிட்டு, அஃபியோடு அவள் வீட்டுக்கு நடந்தேன்.

அஜோ முற்றத்தில் மரவள்ளி மா வறுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் துணி முனையை வாயில் வைத்தாள். மன்னிப்புக் கேட்டேன். அஃபி மொழிபெயர்த்தாள். அஜோ அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கிட்ட வந்து, என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். என் மேல் உதட்டைத் தன் பெருவிரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தாள். அத்தனை வருடத்தில் என் அடைப்பின் நிறம் கொஞ்சம் மாறியிருந்தது. பல் வைத்தியர்களுக்குக்கூடத் தெரிவதில்லை. அவளுக்குத் தெரிந்தது.

"உங்களுக்கும் இருந்ததோ எண்டு கேக்கிறா," என்றாள் அஃபி.

"ஓம்."

"ஆர் மூடினதாம்?"

"நான்தான் கேட்டு மூடுவிச்சனான்."

"மூட முதல் உங்களைக் கேட்டவையோ?"

"ஓம். மூண்டு நாள் கேட்டவை."

அஜோ தலையை ஆட்டினாள். பிறகு இரண்டே சொல்லில் எதையோ சொன்னாள். அஃபி மொழிபெயர்க்கத் தயங்கினாள். நான் வற்புறுத்தியதும் சொன்னாள்.

"'என்னை?' எண்டு கேக்கிறா."

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வறுத்த மா வாசத்துக்கு நடுவில், முற்றத்தில் நின்று, மூக்கைச் சீறிக்கொண்டு அழுதேன். அஜோ தன் வாயில் வைத்திருந்த துணியால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவளுடைய வெறும் வாயை முழுதாக நான் வெளிச்சத்தில் பார்த்தது அப்போதுதான்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்து பாஸ்டரிடம் சொன்னேன்.

"நான் இவவுக்குத் திருப்பிச் செய்யப் போறன். வெளியிலை நிக்கிற ரெண்டு பேரிட்டையும் நானே போய்ச் சொல்லுறன். பிழை என்ரை."

போய்ச் சொன்னேன். ஒருத்தி சந்தைக்காரி, மற்றவர் வயதான தச்சர். இருவரும் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்கள். தச்சர், "அஜோ பாட வேண்டும்தான்" என்றார். அவ்வளவுதான். அடுத்த வருடம் போனபோது சந்தைக்காரிக்குச் செய்து கொடுத்தேன். தச்சர் அதற்குள் இறந்துவிட்டார். அவருடைய கணக்கை நான் ஆண்டவரிடம்தான் தீர்க்க வேண்டும்.

டொக்டர் மரி மறுபேச்சில்லாமல் இரண்டு அச்சும் எடுத்துத் தந்தாள். ஒன்று தாயின் வாய், மற்றது மகளின் பல். சாந்து ஊற்றி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். புதிய பல் அட்டை இல்லாததால் வியாழக்கிழமைப் பல்லையே சூடுகாட்டிக் கழற்றினேன். நான்கையும் பக்கவாட்டில் அராவி ஒடுக்கினேன். நடுப்பல் இரண்டின் உள்மூலைகளை மகளுடையதைப் பார்த்துக் கொஞ்சம் உருட்டினேன். மெழுகில் அடுக்கி அஜோவின் வாயில் வைத்து, முதலில் கண்ணாடியைத்தான் கையில் கொடுத்தேன்.

பார்த்தாள். சுண்டுவிரல் நகத்தை இடைவெளியில் வைத்துப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினாள். இடைவெளி போதாது. அகட்டினேன். மறுபடியும் பார்த்தாள். இப்போது கூடிவிட்டது. ஒடுக்கினேன். பிறகு இடதுபக்கப் பல் முந்தி கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி நின்றது என்றாள். தள்ளினேன். பதினாறாம் வட்டாரத்து மதாம்கள் இவளிடம் பாடம் படிக்க வேண்டும். எனக்கோ ஒவ்வொரு தரம் திருப்பித் தந்தபோதும் சந்தோஷம் பொங்கியது. நாலாம் தரம் கண்ணாடியை மடியில் வைத்துவிட்டு மகளைப் பார்த்து எதையோ கேட்டாள். அஃபி தாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"சரியாம்," என்று அங்கிருந்தே எனக்குச் சொன்னாள்.

அதற்குள் எங்கள் எரிவாயு முடிந்துவிட்டது. தண்ணீர் சூடாக்க வழியில்லை. பாஸ்டர் அருள்நேசன் சேர்ட்டுக் கையை மடித்துக்கொண்டு, வகுப்பறைக்குப் பின்னால் கல் வைத்து விறகு அடுக்கி, ஊதி ஊதி நெருப்பு மூட்டினார். குக்கருக்குச் சைக்கிள் பம்ப் அடித்ததும் அவர்தான். கண் சிவந்து, வியர்வை வழிய, "அக்கா, காத்துக் காணுமோ?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கேட்டார். பின்னேர வெயில் சாயும்போது பல்லைத் துலக்கி முடித்து ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். பிறகு நேராகத் திருப்பினேன். பெட்டியில் வைத்து ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றி அஜோவின் கையில் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை நாங்கள் கோயிலில் கடைசி வரிசை வாங்கில் இருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து நின்றார்கள். அஜோ எழுந்து நடுவில் போய் நின்றாள். துணி முனை கையில் இருந்தது. ஒரு நிமிடம் அது வாய்க்குப் போகும்போல இருந்தது. அவள் அதைத் தோளில் போட்டுவிட்டு வாயைத் திறந்து பாடினாள். அவர்களுடைய எவே மொழியில் ஒரு சொல்லும் எனக்கு விளங்காது. மூன்று வருடம் அடைத்து வைத்திருந்த குரல் என்பது விளங்கியது. சனம் ஆவென்று எழுந்து திருப்பிப் பாடியது. ஒரு கிழவர் தன் பொல்லைத் தூக்கி ஆட்டிக்கொண்டு முன்னுக்குப் போய், அவள் முகத்தைப் பார்த்து ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது செத்துப்போன கணவர் அவளுக்கு வைத்திருந்த செல்லப் பெயராம். அஜோ பாட்டை நிறுத்தாமலே சிரித்தாள். அஜோவின் மகன் தன் கைத்தொலைபேசியில் அந்த நேரம் எடுத்த படம் எனக்குப் பிறகு வந்து சேர்ந்தது. கலங்கிய படம்தான், ஆனால் பல் தெளிவாகத் தெரியும்.

இதுதான் காரணம், திலானி. போகிறவர்களுக்கு என்ன புத்தி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பெரிய கண்ணாடி கொண்டு போங்கள். அதை முதலில் கொடுங்கள்.

இதுவரை எழுதி முடித்துவிட்டு, சனிக்கிழமைப் படத்தை நேற்றுத் திலானிக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது.

"அன்ரி, சூப்பர் படம்! என்ன மாதிரிச் சிரிக்கிறா! உடனை மாத்திறன். கலங்கல் எல்லாம் கொம்பியூட்டரிலை தெளிவாக்கலாம். பல்லுக்கு நடுவிலை ஒரு இடைவெளி தெரியுது, அதையும் அப்பிடியே அடைச்சு விடுறன், என்ன?"

நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"அதிலை மட்டும் கை வையாதை, பிள்ளை," என்றேன். "நான் செய்த வேலை அதுதான்."